எக்ஸாசபேட்: ஒரு கயர்ப்பான சொல்லை அடிமுதல் படிப்பது எப்படி

என் அம்மம்மாவுக்கு முட்டு வருத்தம். ஆடியில் கச்சான் காற்று புழுதியைக் கிளப்பும். மார்கழியில் வாடை ஈரத்தைக் கொண்டுவரும். நெல்லறுக்கும் நாட்களில் வயல் தூசு ஊருக்குள் ஏறும். மூன்றும் அவருக்கு ஆகாது. ஒரு மாசி மாதம் நான்கு நாள் வார்டில் இருந்துவிட்டு, துண்டு வெட்டி வீட்டுக்கு வந்தவர், டயக்னோசிஸ் காட்டை (வருத்தத்தின் பெயர் எழுதித் தரும் அட்டையை) என் கையில் தந்து கேட்டார்: "என்ன புள்ள எழுதிக் கிடக்கு? புது வருத்தமா?"

முதல் வரியில் 'அக்யூட் எக்ஸாசபேஷன் ஒஃப் பிரொங்கியல் ஆஸ்மா' என்று இருந்தது. நான் அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். ஆஸ்மா என்பது தெரியும், மற்றது தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, "ரெண்டு வருத்தம் போல அம்மம்மா" என்று சொல்லிவிட்டேன். அன்றிரவு அவர் நித்திரை கொள்ளவில்லை. அடுத்த நாள் அகராதியைப் புரட்டியபோதுதான் விளங்கியது. புது வருத்தம் ஒன்றும் இல்லை. பழைய முட்டுத்தான்; ஏதோ ஒன்று அதைத் திடீரென்று கூட்டிவிட்டது.

இப்போது மட்டக்களப்பின் களுவாஞ்சிகுடிப் பக்கத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் இந்தச் சொல்லுக்கு ஒரு முழு வகுப்பு ஒதுக்குவேன். 'மோசமாக்கு' என்று கொப்பியில் ஒரு வரி எழுதிவிட்டு நகர்வதை நான் விரும்புவதில்லை. அந்த வகுப்பில் செய்வதைத்தான் படிப்படியாகக் கீழே எழுதுகிறேன். ஒரு கொப்பியும் பேனையும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

படி 1: எழுத்தையும் ஒலியையும் பிடியுங்கள்

எழுத்துகள் பத்து: ஈ, எக்ஸ், ஏ, சீ, ஈ, ஆர், பீ, ஏ, டீ, ஈ. பிள்ளைகள் தவறவிடுவது நடுவில் உள்ள சீ என்ற எழுத்தை. அதற்குப் பின்னால் ஈ வருவதால் அது 'ஸ' ஒலிதான் தரும், 'க' அல்ல. தொடக்கத்தில் வரும் எக்ஸ், 'எக்ஸாம்' என்று சொல்லும்போது வருகிற அதே ஒலி. அழுத்தம் இரண்டாவது அசையில், அதாவது 'ஸா' என்ற இடத்தில் விழவேண்டும். பத்துத் தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

படி 2: சொல்லை மூன்றாக வெட்டுங்கள்

இது இலத்தீனிலிருந்து வந்த சொல். 'எக்ஸ்', 'அசெர்ப்', 'ஏட்' என்று மூன்று துண்டாக வரும்.

கடைசித் துண்டு எளிது. இலத்தீன் வினைகளின் எச்ச வடிவத்திலிருந்து ஆங்கிலம் எடுத்துக்கொண்ட வால் அது. 'கிரியேட்', 'ஒபரேட்' எல்லாவற்றிலும் இருப்பது.

முதல் துண்டான 'எக்ஸ்' என்பதற்கு 'வெளியே' என்று பொருள். 'எக்ஸிட்' என்ற பலகையை எல்லோரும் பார்த்திருப்போம். ஆனால் இங்கே வெளியே போவது எதுவும் இல்லையே என்று ஒரு மாணவி கேட்டார். நல்ல கேள்வி. அதற்குத் தமிழிலேயே விடை இருக்கிறது. நம்முடைய 'விடு' என்ற வினையைப் பாருங்கள். கையில் இருப்பதை வெளியே போகவிடுவதுதான் அதன் சொந்தப் பொருள். ஆனால் 'முடித்துவிட்டான்', 'கூட்டிவிட்டது' என்று சொல்லும்போது யாரும் எதையும் வெளியே விடுவதில்லை. செயல் முழுமையாக நடந்தது என்பதைத்தான் 'விடு' சொல்கிறது. இலத்தீனின் 'எக்ஸ்' அதே வழியில் போயிருக்கிறது. வெளியே என்பதிலிருந்து 'அடியோடு, முழுக்க' என்ற பொருளுக்கு வந்துவிட்டது.

நடுத்துண்டில்தான் விஷயமே இருக்கிறது. அதற்குத் தனியாக ஒரு படி வேண்டும்.

படி 3: நடுத்துண்டை நாக்கில் வையுங்கள்

இதை நான் கதையாகச் சொல்லவில்லை. உண்மையாகவே செய்யுங்கள். வாழைக்காய் ஒன்றைப் பச்சையாகக் கடியுங்கள். கஜுப் பழக் காலம் என்றால் பாதி பழுத்த ஒன்றைக் கடித்தால் இன்னும் நல்லது. நாக்கு சுருங்கும், கன்னத்தின் உட்பக்கம் இழுபடும், பல்லில் ஏதோ ஒட்டினாற்போல் இருக்கும். கயர்ப்பு என்கிறோமே, அது.

இலத்தீனில் 'அசெர்புஸ்' என்பது அந்தச் சுவைதான். பழுக்காத காயின் கடுஞ்சுவை. நரியும் திராட்சையும் கதை இலத்தீன் கவிதையாகவும் உண்டு. எட்டாத குலையைப் பார்த்து 'இன்னும் பழுக்கவில்லை, காயைத் தின்ன எனக்கு விருப்பமில்லை' என்று நரி விலகிப்போகும் இடத்தில் வருவது இந்தச் சொல்தான். நம் கதையில் நரி 'சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்' என்று போய்விடும். அங்கே நரியின் புகார் புளிப்பு மட்டுமல்ல, பழுக்காததன் கயர்ப்பும்.

சுவையிலிருந்து சொல் மெல்ல நகர்ந்தது. கேட்கக் கடுமையான பேச்சும் 'அசெர்புஸ்' ஆனது. காயாக இருக்கும்போதே உதிர்வதுபோல அகாலத்தில் வந்த சாவும் 'அசெர்புஸ்' ஆனது. பிஞ்சிலே போய்விட்டது என்று நாம் அழுவோமே, அதே உவமை. அப்புறம் 'எக்ஸ்' சேர்ந்து 'எக்ஸாசெர்பாரே' என்ற வினை பிறந்தது: ஒருவரை அடியோடு கசக்க வைப்பது, சினமூட்டுவது, இருக்கும் கடுமையை இன்னும் கடுமையாக்குவது.

ஆங்கிலத்துக்கு வந்தபோது பெயர்ச்சொல்லான 'எக்ஸாசபேஷன்' முந்திக்கொண்டது. வினைச்சொல் பின்னால், 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் புழக்கத்துக்கு வந்தது. மருத்துவம் அந்தப் பெயர்ச்சொல்லை இன்றுவரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அம்மம்மாவின் காட்டில் இருந்ததும் அதுதான்.

இந்த இடத்தில் வகுப்பில் நான் கரும்பலகையில் ஒரே ஒரு தமிழ் எழுத்துக்கூட்டை எழுதுவேன்: கடு.

'கடு' என்றால் கசப்பு, துவர்ப்பு, உறைப்பு, நஞ்சு. கடுக்காய் மரத்துக்கே 'கடு' என்று ஒரு பெயர் உண்டு. கடுக்காயை வாயில் போட்டவர்களுக்கு அது எவ்வளவு துவர்க்கும் என்று தெரியும். அந்தச் சொல்லின் குடும்பம்தான் கடுமை, கடுங்காய்ச்சல், கடும்மழை, கடுகடுத்த முகம் எல்லாம். நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து 'கால் கடுக்குது' என்கிறோம். வருத்தம் 'கடுமையாகிட்டு' என்று சொல்கிறோம். இலத்தீன்காரன் நாக்கில் தொடங்கி நோயில் முடித்த அதே பாதையில், அவனைக் கேட்காமலே, தமிழும் நடந்ததுபோல் தெரிகிறது. இரண்டு மொழிக்கும் உறவில்லை. மனிதனின் நாக்கு ஒன்றுதான் என்பதால் இப்படி ஆகியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இதைச் சொன்ன பிறகு எந்தப் பிள்ளையும் இந்தச் சொல்லை மறந்ததாக எனக்கு நினைவில்லை. கொப்பியில் 'எக்ஸாசபேட் = கடுமையாக்கிவிடு' என்று எழுதுங்கள். 'மோசமாக்கு' என்பதைவிட இது வேருக்கு நெருக்கம்.

படி 4: சொந்தக்காரர்களைக் கூப்பிடுங்கள்

'அசெர்புஸ்' என்பதற்குப் பின்னால் இன்னும் பழைய ஒரு வேர் இருக்கிறது. 'அக்' என்று ஒலிக்கும் அதற்குப் பொருள் கூர்மை. நாக்கில் குத்துகிற சுவை என்பதால் கயர்ப்பும் புளிப்பும் அந்த வேரில் கிளைத்தன. அங்கிருந்து வந்தவர்களைப் பாருங்கள்: 'அசிட்', அதாவது அமிலம். ஊசிகுத்தி வைத்தியம் செய்யும் 'அக்யுபங்சர்', இலத்தீனில் 'அகுஸ்' என்றால் ஊசி. கத்தியின் விளிம்பான 'எட்ஜ்'. ஆவலைக் குறிக்கும் 'ஈகர்'கூட இந்தக் குடும்பம்தான். கூரிய விருப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அச்சாறு போடும் வினாகிரியும் இந்த வீட்டுப் பிள்ளை. அது நமக்குப் போத்துக்கேயர் தந்த சொல். 'வினாக்ரே' என்றால் அவர்கள் மொழியில் புளித்த வைன். 1628 இல் அவர்கள் கோட்டை கட்டியது மட்டக்களப்பின் புளியந்தீவில், புளியமரத்தின் பெயரைத் தாங்கிய தீவில். அவர்கள் மொழியின் கலப்பு வடிவம் ஒன்றை மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகளில் சிலர் இன்னமும் பேசுகிறார்கள். ஆங்கில அகராதியைத் திறக்காமலே இந்த வேரைக் குசினியில் வைத்திருந்திருக்கிறோம்.

இனி அந்த டயக்னோசிஸ் காட்டுக்கு வாருங்கள். 'அக்யூட்' என்பது 'கூராக்கப்பட்டது' என்ற இலத்தீன் சொல். மருத்துவத்தில் அதற்குத் திடீரெனத் தொடங்கியது என்று பொருள். நாட்பட்டதைக் குறிக்கும் 'குரோனிக்' என்பதற்கு எதிர்ச்சொல். 'அக்யூட்' என்றவுடன் உயிருக்கு ஆபத்து என்று பயப்பட வேண்டாம், சில வேளைகளில் இருக்கலாம், ஆனால் சொல் சொல்வது வேகத்தை மட்டும்தான். அடுத்தது 'எக்ஸாசபேஷன்'. மூன்றாவது, அம்மம்மாவின் முகத்தில் கட்டியிருந்த மாஸ்க்கின் வழியே வந்த ஒட்சிசன். கிரேக்கத்தில் 'ஒக்சூஸ்' என்றால் கூர்மை, புளிப்பு. எல்லா அமிலத்திலும் இந்த வாயு இருக்கிறது என்று எண்ணி, பிரெஞ்சு வேதியியலாளர் லவோசியே 18ஆம் நூற்றாண்டில் வைத்த பெயர். அவர் எண்ணியது பிழை என்று பிறகு தெரிந்தது, பெயர் நிலைத்துவிட்டது. ஒரே வேரின் மூன்று பிள்ளைகள் ஒரே கட்டிலைச் சுற்றி நின்றிருக்கிறார்கள்.

படி 5: கூடுவதா, கூட்டுவதா?

தேர்விலும் கட்டுரையிலும் மதிப்பெண் போவது இங்கேதான். ஆகவே நிதானமாகப் படியுங்கள்.

பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை படித்திருப்பீர்கள். திருந்து, திருத்து. கூடு, கூட்டு. எக்ஸாசபேட் எப்போதும் 'கூட்டு' பக்கம்தான். வருத்தம் தானாக எக்ஸாசபேட் ஆகாது. ஏதோ ஒன்று அதை எக்ஸாசபேட் பண்ணும். எழுவாயில் கூட்டுகிற பொருள் இருக்கவேண்டும், செயப்படுபொருளில் கூடுகிற பொருள் இருக்கவேண்டும். கூட்டியது எது என்று தெரியாவிட்டால் செயப்பாட்டு வினையில் எழுதுங்கள்.

இரண்டாவது விதி: செயப்படுபொருள் ஏற்கெனவே கெட்டதாக இருக்கவேண்டும். வலி, வறுமை, பகை, தட்டுப்பாடு, வெள்ளம். காய் முதலே கயர்ப்பாக இருந்தால்தானே அதை இன்னும் கயர்க்க வைக்க முடியும்? சுகம், அழகு, நட்பு போன்ற நல்லதுகளை எக்ஸாசபேட் பண்ண முடியாது. 'அவருடைய சுகத்தை எக்ஸாசபேட் பண்ணியது' என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. நான் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு, பக்கத்தில் 'வாழைக்காய்' என்று எழுதிவிடுவேன். அவர்களுக்கு விளங்கும்.

மூன்றாவது, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. இந்தச் சொல் காரணத்தைச் சொல்வதில்லை. இருந்ததைக் கூட்டியது எது என்பதைத்தான் சொல்கிறது. நம்முடைய மட்டக்களப்பு வாவியை எடுத்துக்கொள்வோம். மாரியில் வெள்ளம் வருவதற்குக் காரணம் மழை. மேற்கேயிருந்து வரும் ஆறுகளும் குளங்களின் வடிநீரும் வாவியில் வந்து சேரும். அந்த நேரத்தில் முகத்துவாரத்தில் மணல் அடைத்துக் கிடந்தால், தண்ணீர் கடலுக்குப் போக வழியில்லாமல் மேற்கே படுவான்கரை வயலுக்குள்ளும் கிழக்கே எழுவான்கரை வீடுகளுக்குள்ளும் ஏறும். முகத்துவாரம் அடைத்தது வெள்ளத்தை உண்டாக்கவில்லை. வந்த வெள்ளத்தைக் கூட்டியது. அதற்குத்தான் எக்ஸாசபேட். முகத்துவாரத்தை வெட்டிவிடச் சொல்லி சனம் கேட்பது, மழையை நிறுத்த முடியாது என்று தெரிந்துகொண்டு, கூட்டுகிறதையாவது நிறுத்தச் சொல்லித்தான். 2011 ஜனவரி வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை நான் விளக்கத் தேவையில்லை.

இன்னொரு எடுத்துக்காட்டு நம் வயலிலிருந்து. 2021 இல் இரசாயன உர இறக்குமதியை அரசு நிறுத்தியது. அந்த ஆண்டு நவம்பரில் தடையைத் தளர்த்தியது. ஆனாலும் அந்தப் பெரும்போக விளைச்சல் அடிபட்டு, அரிசியை வெளிநாட்டிலிருந்து வாங்கவேண்டி வந்தது. டொலர் தட்டுப்பாடு அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. ஆகவே உரத்தடை நெருக்கடியை 'உண்டாக்கியது' என்று எழுதினால் எதிர்வாதம் வரும். 'எக்ஸாசபேட் பண்ணியது' என்று எழுதினால் சொல் சரியாக உட்காரும். பழியை முழுதாக ஒரு தலையில் கட்டாமல், அவரவர் பங்கை அளந்து கொடுக்கிற சொல் இது. அதனால்தான் இதை எனக்குப் பிடிக்கும்.

படி 6: பக்கத்து வீட்டுச் சொற்களோடு வைத்துப் பாருங்கள்

முதலில் 'டிடீரியரேட்'. இலத்தீனில் 'தே' என்றால் கீழே. 'தெதேரியோர்' என்றால் இன்னும் கீழானது, தாழ்ந்தது. நடுவில் உள்ள 'தெர்' ஒப்பிட்டுச் சொல்லும் விகுதி. அதன் உடன்பிறப்பு சமஸ்கிருதத்தின் 'தர'. வடக்கை 'உத்தரம்' என்கிறோமே, அதன் நேர்ப்பொருள் 'இன்னும் மேலானது'. ஒன்று மேலே போனது, மற்றது கீழே போனது. ஆங்கிலத்தில் இந்த வினை 16ஆம் நூற்றாண்டில் 'தாழ்த்து' என்று பிறவினையாகத் தொடங்கி, 18ஆம் நூற்றாண்டில் 'தாழ்ந்துபோ' என்று தன்வினையாகவும் ஆனது. இன்று பெரும்பாலும் தன்வினைதான். படி 5இல் சொன்னதற்கு இது நேர் எதிர்: நன்றாக இருந்தது இறங்கும்போது டிடீரியரேட், கெட்டதாக இருந்தது ஏறும்போது எக்ஸாசபேட். உடல்நிலை டிடீரியரேட் ஆகும். வருத்தம் எக்ஸாசபேட் பண்ணப்படும். வார்டில் இரண்டையும் கேட்பீர்கள், மாறிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது 'அக்ரவேட்'. 'கிராவிஸ்' என்றால் பாரமானது. சமஸ்கிருதத்தில் அதன் சொந்தம் 'குரு'. ஆசிரியரைக் குரு என்பது கனமானவர் என்பதால்தான். செய்யுளிலும் தாளத்திலும் குரு, லகு என்று கனமானதையும் இலேசானதையும் பிரிப்பது தெரிந்ததே. ஆக, அக்ரவேட் என்றால் பாரத்தை ஏற்றுவது. பொருளில் எக்ஸாசபேட்டுக்கு மிக அருகில் இருக்கிறது, பல இடங்களில் ஒன்றுக்கு ஒன்று மாற்றிப்போடலாம். ஆனால் பேச்சு ஆங்கிலத்தில் அக்ரவேட் என்பதற்கு 'எரிச்சலூட்டு' என்றும் பொருள் உண்டு. அந்தக் குழப்பம் வேண்டாம் என்றால் எழுத்தில் எக்ஸாசபேட்டையே போடுங்கள்.

'வேர்ஸென்' என்பது ஆங்கிலத்தின் சொந்த வீட்டுச் சொல், இலத்தீன் கலப்பில்லாதது. கூடு, கூட்டு இரண்டுக்கும் பொருந்தும். சந்தேகம் வந்தால் இதைப் போடுங்கள், பிழைக்காது.

படி 7: ஒலியில் ஏமாற்றுகிற இரண்டு பேர்

எக்ஸாஜரேட், எக்ஸாஸ்பரேட். காதுக்கு மூன்றும் ஒன்றுபோல இருக்கும். வேரைப் பிடித்தால் பிரிந்துவிடும். எக்ஸாஜரேட்டின் வயிற்றில் இருப்பது 'அக்கெர்', குவியல். உள்ளதைக் குவித்துப் பெரிதாக்கிச் சொல்வது, மிகைப்படுத்துவது. எக்ஸாஸ்பரேட்டில் இருப்பது 'அஸ்பெர்', சொரசொரப்பு. ஆளைச் சுரண்டிச் சுரண்டிப் பொறுமை இழக்க வைப்பது. குவியல், சொரசொரப்பு, கயர்ப்பு: கண், தோல், நாக்கு. இந்த வரிசையில் மனதில் வைத்தால் தேர்வு மண்டபத்தில் தடுமாற்றம் வராது.

படி 8: ஐந்து வாக்கியம், உங்கள் ஊரிலிருந்து

புத்தக வாக்கியங்களைப் பார்த்து எழுதவேண்டாம். முதலில் தமிழில் யோசியுங்கள். கெட்டது ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதைக் கூட்டுகிற ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். கடலரிப்பும் மணல் அள்ளுவதும். வயலுக்குள் யானை வருவதும் காட்டை வெட்டுவதும். கிணற்று உப்பும் நீண்ட கோடையும். வீட்டுச் சண்டையும் நடுவில் பேசப் போன மாமியும். அப்புறம் கூட்டுகிறதை முன்னால் போட்டு ஆங்கிலத்தில் எழுதுங்கள். எழுதியபின் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்வி: முதலே கெட்டதாக இருந்ததா? கூட்டியது எது? இரண்டுக்கும் விடை இருந்தால் வாக்கியம் சரி.

படி 9: காட்டைத் திரும்ப எடுங்கள்

இப்போது உங்கள் வீட்டில் இருக்கும் கிளினிக் கொப்பியையோ டயக்னோசிஸ் காட்டையோ எடுத்துப் பாருங்கள். முட்டு, நாட்பட்ட நெஞ்சு வருத்தம், தோல் வருத்தம் என்று பலவற்றில் இந்தச் சொல் இருக்கும். கண்டால் வீட்டாருக்குச் சொல்ல வேண்டியது: புது வருத்தம் இல்லை, இருந்ததுதான் கூடியிருக்கிறது. அடுத்த கிளினிக் நாளில் டொக்டரிடம் கேட்க வேண்டியது: "எது கூட்டினது, சேர்?" அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒளிந்திருக்கிற கேள்வி அது. கூட்டியது ஒன்று இருந்தே ஆகவேண்டும் என்று சொல்லே சொல்கிறது.

நாங்கள் அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு மாதம் எடுத்தது. டொக்டர் அம்மம்மாவிடம் வீட்டைப் பற்றி ஒவ்வொன்றாக விசாரித்தார். எந்த அறையில் படுப்பது, எங்கே சமைப்பது, இரவில் நுளம்புக்கு என்ன செய்வது. அன்று பின்னேரமே நுளம்புச் சுருளை எடுத்துவிட்டு வலை கட்டினோம். அடுத்த கிழமை மாமா வந்து விறகடுப்பைக் குசினியிலிருந்து பின் தாழ்வாரத்துக்கு மாற்றிப் போட்டார். அம்மம்மா அந்தக் காட்டைப் பழைய பிஸ்கட் டின்னுக்குள் அடையாள அட்டையோடு சேர்த்து வைத்தார். யாராவது வருத்தம் பார்க்க வந்தால் எடுத்துக் காட்டி, "ரெண்டு இல்ல, ஒண்டுதான்" என்று சொல்வார்.